பால்பல்லின் பாடம்

குன்றாண்டார்கோவில் குடைவரைக்கு முன்னால் இருக்கும் நூற்றுக்கால் மண்டபத்தைத் தேர் வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். அடியில் கல் சக்கரங்கள், தேரை இழுத்துக்கொண்டு பாயும் கல் குதிரைகள். சிற்பம் பார்க்க வருகிறவர்கள் குதிரைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, உள்ளே போய்ப் பர்வதகிரீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மாசி மாதம் ஒரு காலையில் நானும் அதற்காகத்தான் போனேன். ஆனால் சற்றுத் தள்ளி மர நிழலில் ஐந்து நாய்க்குட்டிகள் உருண்டுகொண்டிருந்தன. ஒரு மணி நேரம் அங்கேயே போய்விட்டது.

கார்த்திகையில் நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதோடு 63 நாளைக் கூட்டினால் தையில் குட்டி. மாசி பாதியில் குட்டிக்கு ஐந்து வாரம். இவற்றுக்கும் அந்த வயதுதான் இருக்கும். ஒரு செவலைக் குட்டி, கூடப் பிறந்த கருப்பின் காதைக் கவ்விக்கொண்டு விடவில்லை. கருப்பு 'கீய்ய்' என்று ஊரே கேட்கும்படி கத்தியது. செவலை சட்டென்று வாயைத் திறந்துவிட்டு, என்ன நடந்தது என்று புரியாத முகத்தோடு நின்றது. கருப்பு எழுந்து தாயிடம் போய்ப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. செவலை கொஞ்ச நேரம் தனியாக ஒரு ஓலைத் துண்டைக் கடித்துப் பார்த்தது. அதில் சுவாரசியமில்லை. திரும்பவும் கருப்பிடம் போய், முன்னங்காலைத் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கி, வாலை ஆட்டியது. கருப்பு எழுந்தது. மறுபடி காது, மறுபடி கவ்வல். இந்த முறை கத்தல் இல்லை.

நாய்க்குட்டிக்குக் கடிக்காமல் இருக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில் பாதி இந்த இரண்டு நிமிடத்திலேயே இருக்கிறது. செவலை அன்று 'கடிக்காதே' என்ற பாடத்தைப் படிக்கவில்லை. எவ்வளவு கடிக்கலாம் என்பதைப் படித்தது.

நமக்குக் கை எப்படியோ, நாய்க்கு வாய் அப்படி. கைக்குழந்தை எதைக் கண்டாலும் பிடித்து இழுக்கிறது, நம் மூக்கையும் கண்ணாடியையும் சேர்த்து. அதைக் குறும்பு என்கிறோம், வன்முறை என்பதில்லை. குட்டிக்குப் பிடிக்கவும் தூக்கவும் இழுக்கவும் தொட்டுப் பார்க்கவும் இருப்பது தாடை ஒன்றுதான். பிறந்து பத்துப் பதினான்கு நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் பால்பல் முளைக்கத் தொடங்கும். மொத்தம் 28, மேலே 14, கீழே 14. ஊசி முனை போல இருக்கும். ஆனால் அந்த ஊசிகளைத் தாங்கும் தாடையில் இன்னும் வலுவில்லை.

இந்தப் பொருத்தம் யோசிக்க வைப்பது. கூரான பல், பலமில்லாத தாடை. கடித்தால் வலிக்கும், பெரிய காயம் ஆகாது. பிரிட்டனில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த கால்நடை மருத்துவர் இயான் டன்பார் இதை ஒரு வாதமாகவே முன்வைத்தார்: தாடையில் வலு ஏறுவதற்கு முன்பே 'இந்த அளவு அழுத்தினால் எதிராளி ஆட்டத்தை விட்டுப் போய்விடுவான்' என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளத்தான் பால்பல் இவ்வளவு கூராக இருக்கிறது என்று. இயற்கை அப்படித் திட்டம் போட்டதா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. விளைவு மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. தாய்க்கும் அந்த ஊசிகள் தைக்கும். நான்கைந்து வாரமானதும் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போவாள், சில நேரம் உறுமுவாள். வயிறு நிறைவதும் நிறையாததும் பல்லை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று குட்டிக்குத் தெரியவருவது அங்கேதான்.

முன்னங்காலை நீட்டிக் குனியும் அந்த வணக்கத்தை அமெரிக்க உயிரியலாளர் மார்க் பெக்காஃப் பல ஆண்டுகள் படம் பிடித்து ஆராய்ந்தார். 1995இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, குட்டிகள் அதைக் கண்ட இடத்தில் செய்வதில்லை. கவ்வி உலுக்குவது போன்ற, சண்டை என்று தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய செயலுக்குச் சற்று முன்போ பின்போதான் அதிகம் செய்கின்றன. 'இது விளையாட்டுத்தான், கோபித்துக்கொள்ளாதே' என்பதற்குக் குட்டிகளிடம் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பொருள் வருவதும் கூடப் பிறந்தவர்களோடு உருண்டு புரளும்போதுதான்.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவள் பேரன் சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தான். அதே செவலை.

"ஏன்டா, பால்குடி மறக்காததைத் தூக்கிட்டு வந்திருக்க?" என்றாள் அக்கா.

"அங்கயே கெடந்தா லாரில அடிபட்டுச் செத்துப் போகும், அப்பத்தா."

பையன் சொன்னது உண்மை. கொல்கத்தா ஐஐஎஸ்இஆர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களின் 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் முடிவை வெளியிட்டது. இனப்பெருக்க வயதுவரை உயிரோடு இருந்தவை 19 விழுக்காடு. செத்தவற்றில் பாதிக்கும் மேல் மனிதரால்: வண்டியில் அடிபட்டும், அடித்தும், தூக்கிப் போனதிலும். ஐந்தில் நான்கு குட்டிகள் வளர்வதே இல்லை என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவிலிருந்து குட்டியைத் தூக்கி வருகிற பிள்ளையைத் திட்ட எனக்கு மனம் வராது.

அக்கா சொன்னதும் உண்மை. 2011இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 140 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். பாதி, பிறந்து 30 முதல் 40 நாளுக்குள் தாயிடமிருந்து பிரித்தவை. மீதி, இரண்டு மாதம் கூடவே இருந்தவை. வளர்ந்த பிறகு அவை எப்படி என்று வளர்ப்பவர்களிடம் கேட்டார்கள். சீக்கிரம் பிரித்தவற்றில் அளவு மீறிய குரைப்பு, வெளியில் போனால் பயம், சாப்பாட்டையும் பொம்மையையும் விட்டுக்கொடுக்காத குணம், இவற்றோடு விளையாட்டுக் கடியும் அதிகம் இருந்தது. நம் ஊரில் 'முப்பது நாள் ஆச்சா, தூக்கு' என்பதுதான் வழக்கம். அந்த மீதி நான்கு வாரத்தில்தான் காதைக் கவ்வி, கத்தல் கேட்டு, விட்டு, மறுபடி கவ்விப் பார்க்கிற வகுப்பு நடக்கிறது. குட்டியை வகுப்பின் நடுவில் எழுப்பிக்கொண்டு வந்துவிடுகிறோம். பிறகு 'இது கடிக்குது' என்கிறோம்.

அதற்காக மூன்று நான்கு மாதம் தாயோடே விட்டு, மனிதர் கையே படாமல் வளர்த்துக் கொண்டுவந்தாலும் சிக்கல்தான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1961இல் வந்தது. உயர்ந்த வேலி போட்ட வயலில் குட்டிகளைத் தாயோடு வளர்த்து, வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்து மனிதரோடு பழகவிட்டார்கள். 14 வாரம்வரை மனித வாடையே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் அதன் பிறகு கிட்ட வரவே மறுத்தன. மூன்றாவது வாரத்தில் திறக்கும் கதவு பன்னிரண்டு, பதினான்கு வாரத்தில் மெல்லச் சாத்திக்கொள்கிறது. பிற்பாடு பழக்கவே முடியாது என்பதில்லை, ஆனால் பத்து மடங்கு பொறுமை வேண்டும். ஆக, எட்டு வாரத்தை ஒட்டிக் கொண்டுவருவது இரண்டு பக்கத்துக்கும் நியாயம். பையனிடம் அதை விளக்கி, குட்டியைத் திரும்பத் தாயிடம் விட்டோம். தினமும் போய்ப் பார்த்துச் சோறு வைத்துத் தூக்கிப் பழகச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து அது முறையாக வீட்டுக்கு வந்தது.

வந்த மூன்றாம் நாள் தொலைபேசி. "தாத்தா, கையெல்லாம் கீறிருச்சு. ரத்தம் வருது."

இங்கே நாய்ப் பயிற்சியை ஓரமாக வைத்துவிட வேண்டும். தடுப்பூசி போடாத தெருக்குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தால், அது விளையாட்டா கோபமா என்பது வெறிநோய்க் கிருமிக்குத் தெரியாது. எட்டு வாரக் குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். 'சின்னக் குட்டிதானே' என்று விட்டதால் போன உயிர்கள் உண்டு. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையம். உள்தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள் என நான்கு தடவை. ரத்தம் வந்த காயம் என்றால் எதிர்ப்புப் புரதமும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டியிருக்கும், அதை மருத்துவர் முடிவு செய்வார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயமுறுத்தியே வளர்ந்த தலைமுறை என்னுடையது. அந்த மருந்தை டேவிட் செம்பிள் 1911இல் கசௌலியில் உருவாக்கினார். ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்தது. இந்தியா அதை 2004இல் கைவிட்டது. அந்தப் பயத்துக்கு இப்போது காரணமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் உலக வெறிநோய்ச் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நடக்கிறது. கடிபடுகிறவர்களில் சிறுவர்கள் நிறைய. ஊசி போட்டுக்கொண்டு வந்துதான் பையன் மறுபடி என்னைக் கூப்பிட்டான்.

அதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். கையில் வேப்பெண்ணெய் தடவு என்றார் ஒருவர். வாயை இறுக்கிப் பிடி என்றார் இன்னொருவர். அக்காவின் வைத்தியம் சுருக்கம்: "மூக்குல ஒண்ணு வச்சா சரியாப் போகும்."

சரியாகப் போவதில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நாய் நடத்தை மருத்துவப் பிரிவுக்கு வந்த 140 நாய்களின் உரிமையாளர்களிடம் மெகன் ஹெரான் குழு கேட்டு 2009இல் வெளியிட்ட கணக்கு இது: நாயை அடித்தோ உதைத்தோ திருத்தப் பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினரை நாய் திருப்பித் தாக்கியிருக்கிறது. அங்கே வந்தவை ஏற்கெனவே சிக்கலான நாய்கள், அதனால் எல்லா நாய்க்கும் அந்த எண்ணைப் பொருத்த முடியாது. ஆனாலும் கை என்பது வலி வருகிற திசை என்று கற்றுக்கொண்ட நாய், கையைக் கண்டதும் என்ன செய்யும் என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. சில குட்டிகள் மூக்கில் தட்டுவதையும் ஆட்டம் என்றே எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் பாயும். உறுமுகிற நாயை அடித்து உறுமலை நிறுத்துவதில் இன்னொரு ஆபத்து உண்டு. பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். பிறகு சத்தமில்லாமல் கடிக்கும்.

'யார் தலைவன் என்று காட்ட வேண்டும், மல்லாக்கப் புரட்டி அமுக்க வேண்டும்' என்பது டிவி பார்த்து வந்த ஞானம். அதன் வேர் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதிய கட்டுரையில் இருக்கிறது. தலைவன் ஓநாய் என்ற பேச்சைத் தன் புத்தகத்தால் பரப்பிய டேவிட் மீச், காட்டு ஓநாய்களை எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் கிட்ட இருந்து பார்த்துவிட்டு 1999இல் தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். காட்டில் இருப்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம். ஓநாய்க்கே பொருந்தாததை எட்டு வாரக் குட்டிக்குப் பொருத்துவானேன்?

பையனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "நீ கருப்புக் குட்டி மாதிரி இரு."

கருப்பு என்ன செய்தது? அடிக்கவில்லை, திட்டவில்லை. வலித்ததும் சத்தம் போட்டது, எழுந்து போனது. விளையாட வேண்டும் என்பதுதான் செவலையின் ஆசை. கடியின் விளைவாக அந்த விளையாட்டே நின்றது. செயலுக்குப் பின் வருவது இனிப்பாக இருந்தால் செயல் வலுப்படும், கசந்தால் தேயும் என்று எட்வர்ட் தார்ண்டைக் நூறாண்டுக்கு முன்பே எழுதிவைத்தார். அவர் வைத்துப் பார்த்தது பூனைகளை. நாய்க்குட்டிகள் அதை அவருக்கு முன்பே செய்துகொண்டிருந்தன.

ஆக, பல் அழுத்தமாகப் பட்டதும் கையை உருவக் கூடாது. உருவினால் ஓடுகிற இரையைத் துரத்துகிற வேலை குட்டிக்கு. கையைத் தளர்த்தி, 'ஆ' என்று ஒரு சத்தம். குட்டி விட்டதும் எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அரை நிமிடம் நிற்க வேண்டும். தொடர்ந்து வந்து காலைக் கடித்தால் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். பிறகு திரும்பி வந்து ஒன்றும் நடக்காதது போல ஆட்டத்தைத் தொடர வேண்டும். கத்துவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை: எல்லா நூல்களும் 'கீச்சென்று கத்து' என்கின்றன. சில குட்டிகளுக்கு, முக்கியமாக வேட்டை ரத்தம் கொஞ்சம் கலந்த குட்டிகளுக்கு, கீச்சொலி கேட்டால் வெறி ஏறும். அப்படிப்பட்டதிடம் சத்தமே வேண்டாம், எழுந்து போவதே போதும். பாடம் சத்தத்தில் இல்லை, ஆட்டம் நிற்பதில் இருக்கிறது.

முதல் இரண்டு மூன்று வாரம் வலிக்கிற கடிக்கு மட்டும்தான் இந்தத் தண்டனை. மெல்லக் கவ்வினால் விட்டுவிட வேண்டும். இதை அக்கா ஒப்புக்கொள்ளவே இல்லை. "கடிக்கக் கூடாதுன்னா கடிக்கக் கூடாது, அதுல என்ன மெல்ல, பலமா?" அவள் வாதம் நேர்மையானது. ஆனால் ஒரு நாளில் எல்லாக் கடியையும் தடுத்துவிட்டால் தாடையை அளந்து பழகக் குட்டிக்கு வாய்ப்பே இல்லாமல் போகும். இரண்டு வருடம் கழித்துத் தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டிருக்கும்போது யாரோ வாலை மிதித்தால் எந்த நாயும் திரும்பி வாயை வைக்கும். அப்போது அந்த வாய் தோலைத் தொட்டு விலகுமா, சதையில் இறங்குமா என்பதுதான் கேள்வி. டன்பார் நாய்க்கடியை ஆறு படியாகப் பிரிக்கிறார். இரண்டாம் படியில் பல் தோலில் படும், துளைக்காது. நான்காம் படியில் ஆழமாக இறங்கும். இரண்டு நாயும் ஒரே அளவு மிரண்டிருக்கலாம். சிறு வயதில் வாயை அளக்கப் பழகியதா என்பதில்தான் வித்தியாசம் என்கிறார். முதலில் அழுத்தம் குறைய வேண்டும். பிறகு எண்ணிக்கை. கடைசியில் மனிதத் தோலில் பல்லே படக் கூடாது.

எண்ணிக்கையைக் குறைக்க, கடிக்க வேறு பொருள் கையில் இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய துண்டில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் போதும், பல் விழும் பருவத்தில் அதையே நனைத்துக் கொடுக்கலாம். குட்டி பாய்ந்து வருவதற்கு முன் துண்டை நீட்ட வேண்டும். கடித்த பிறகு நீட்டினால் கடித்ததற்குப் பரிசு என்றாகிவிடும். கைலி ஓரம், முந்தானை, பாவாடை, கொலுசு போட்ட கால் இவையெல்லாம் குட்டிக்கு ஓடுகிற எலி மாதிரி. அதைக் கண்டு குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடினால் இன்னும் கொண்டாட்டம். ஓடாமல் மரம் மாதிரி நில் என்பதுதான் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியது, குட்டிக்கு அல்ல.

சாயங்காலம் ஏழு மணிக்குமேல் பேய் பிடித்தது போலக் கடிக்கிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். பெரும்பாலும் அது தூக்கம். இந்த வயதில் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். வீடு நிறையப் பிள்ளைகள் இருந்தால் யார் தூங்க விடுவார்கள்? நம் கைக்குழந்தை தூக்கம் கெட்டால் அழும். இதற்கு அழத் தெரியாது, கடிக்கும். ஒரு மூலையில் சாக்கைப் போட்டுத் தனியாக விட்டால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடும்.

கடினமானது குட்டியைத் திருத்துவதல்ல, வீட்டைத் திருத்துவது. பையன் ஒழுங்காக எழுந்து போவான். அவன் அப்பா வேலை முடிந்து வந்ததும் உள்ளங்கையை நீட்டி, "எங்க கடி பாப்போம், கடி பாப்போம்" என்பார். பத்துத் தடவையில் ஒரு தடவை பலன் கிடைத்தாலும் அந்தப் பழக்கம் போகாது. சொல்லப்போனால் எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கிற பழக்கம்தான் மிகவும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். சீட்டாட்டக்காரரைக் கேட்டால் தெரியும். இன்னொன்று, பலன் நின்ற புதிதில் எந்தப் பழக்கமும் தணியாமல் கூடும். பட்டனை அழுத்தியும் விளக்கு எரியாவிட்டால் நாம் நான்கு முறை பலமாக அழுத்துகிறோமே, அதுபோல. நான்காம் நாள் பையன் அழாத குறையாக, "முன்னவிட அதிகமாக் கடிக்குது" என்றான். நிறையப் பேர் முயற்சியைக் கைவிட்டு மூக்கில் ஒன்று வைப்பது இந்த நான்காம் நாளில்தான்.

"கடிக்காத நாயை வச்சுக் காவலுக்கு என்ன பண்றது?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அய்யா. நல்ல கேள்வி. கடித்த நாய்க்குக் கல் நட்ட நாடு இது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது. மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். பக்கத்திலேயே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும், அது கள்வர் இருவரைக் கடித்து அவனுக்குக் காவலாக நின்றதையும் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருடமாக ஒரு நாயின் பெயர் நிலைத்திருப்பது அது கடித்ததற்காக. கோவிவன் வீட்டிலிருந்த குழந்தைகளையும் அப்படியே கடித்துக்கொண்டிருந்தால் யாரும் கல் நட்டிருக்க மாட்டார்கள் என்றேன். அய்யா சிரித்தார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்நியர் வந்தால் குரைப்பது நாட்டு நாய்க்கு இயல்பு, அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பயத்தில் கண்டதையும் கடிக்கிற நாய் காவலுக்கு உதவாது, தபால்காரருக்கும் கேஸ் சிலிண்டர்காரருக்கும்தான் தொந்தரவு.

மூன்று மாதம் முடிந்ததும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள். ஊசி குத்தும்போது செவலை திரும்பி மருத்துவரின் மணிக்கட்டைக் கவ்வியிருக்கிறது. அவர் கையை உருவாமல் அப்படியே வைத்திருக்கிறார். ஒரு கணம் கழித்து அதுவே விட்டுவிட்டது. எச்சில்தான் பட்டிருந்ததாம்.

ஐந்தாம் மாதம் நான் போனபோது பால்பல் விழுந்து 42 நிலைப்பல் வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் குட்டிகள் விழுந்த பல்லைச் சோற்றோடு விழுங்கிவிடும். பையன் ஒன்றை மட்டும் சாக்கிலிருந்து பொறுக்கித் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தான். திறந்து என் உள்ளங்கையில் கொட்டினான். அரிசி மணி அளவுதான் இருந்தது. அழுத்திப் பார்த்தேன், இன்னும் குத்தியது.